மூன்று மாதச் சர்க்கரை

நான் ஒளித்து வைத்து இனிப்புத் தின்கிறேன் என்று ஒரு வருடமும் நான்கு மாதமும் என் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. என் கணவர் சேவியர் அரசுப் பேருந்து ஓட்டுநர். எதையும் கத்திச் சொல்கிற ஆள் இல்லை. மகள் ஜெனி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நான் இரண்டு முறை தும்மினால் வெந்நீர் வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவர்களே நினைத்தார்கள். கடைசியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்துபோய் எதையாவது தின்கிறேனோ என்று அடுப்படியில் டப்பாக்கள் வைத்த இடத்தைக் காலையில் உற்றுப் பார்ப்பேன்.

இப்போது உடம்பு தேறி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். எனக்கு வந்தது அபூர்வம் என்று டாக்டர் சொன்னார். அபூர்வமாக இருந்தாலும் இன்னொருவருக்கு வராமல் போய்விடாது. அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் அங்கன்வாடிப் பணியாளர். திண்டிவனத்தில் வீடு. பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் என் மையம். குழந்தைகளை எடை போடுவது, பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுத்து எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்வது என் வேலை. ஊரில் எனக்கு டீச்சர் என்றுதான் பெயர்.

நாற்பத்தாறு வயதில், பணியாளர்களுக்கான ஒரு பரிசோதனை முகாமில் இரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்றி ஆறு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூடவே HbA1c என்று ஒன்று எடுத்திருந்தார்கள். அதில் பதினொன்று புள்ளி எட்டு. ஆறரையைத் தாண்டினாலே சர்க்கரை நோய் என்று அந்தத் தாளின் அடியிலேயே அச்சிட்டிருந்தது.

அது என்ன என்று எனக்குப் பின்னாளில் புரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின். இரத்தத்தில் ஓடும் சர்க்கரை அதில் கொஞ்சம் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது சுலபத்தில் விடாது. அந்தச் சிவப்பணு அழிகிறவரை, ஏறக்குறைய மூன்று மாதம், அப்படியே இருக்கும். ஆகவே நூறு பங்கு ஹீமோகுளோபினில் எத்தனை பங்கில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், மூன்று மாதமாக உடம்பில் சர்க்கரை எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். எங்கள் பக்கத்தில் இதை மூன்று மாதச் சர்க்கரை என்பார்கள்.

திண்டிவனத்தில் நான் போன டாக்டர் நல்லவர். ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெறும் வயித்துல நூத்தி ஆறுதானே வந்திருக்கு சார்" என்றேன்.

"ரெண்டு நாள் வாயக் கட்டினா யாருக்கும் அப்படி வரும்மா. இது மூணு மாசமா நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்ற டெஸ்ட்டு. இத ஏமாத்த முடியாது."

ஏமாற்ற என்ற சொல் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மாத்திரை ஆரம்பித்தது. காலையில் இட்லி போய்க் கேப்பைக் கூழ் வந்தது. சோறு ஒரு கரண்டி. டீயில் சர்க்கரை இல்லை. மாலையில் ரயில் நிலையம் வரை நடை. நான்கு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தேன். மறுபடி இரத்தம் எடுத்தார்கள். பன்னிரண்டு புள்ளி நான்கு.

மாத்திரையைக் கூட்டினார்கள். வீட்டிலேயே விரலைக் குத்திப் பார்க்கும் சிறு கருவி ஒன்றை ஜெனி வாங்கி வந்தாள். காலையும் மாலையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதினேன். நூற்றிப் பத்து, தொண்ணூற்றெட்டு, நூற்றி இருபது. அதற்கு மேல் ஏறவே இல்லை. எட்டாம் மாதம் எடுத்த HbA1c பன்னிரண்டு புள்ளி ஒன்று.

அன்று சாயங்காலம் சேவியர் ஒரு கையில் நோட்டும் ஒரு கையில் ரிப்போர்ட்டுமாக உட்கார்ந்திருந்தார்.

"நோட்டுல நூறு, நூத்திப் பத்துன்னு எழுதிக்கினு வர்ற. ரிப்போர்ட்ல பன்னெண்டுன்றான். எது நெசம், மேரி?"

"ரெண்டும் நெசந்தாங்க. நான் இன்னா பொய்யா எழுதறேன்?"

அவர் நோட்டை மூடி வைத்தார். பிறகு, தரையைப் பார்த்தபடி கேட்டார்: "சென்டர்ல சத்துமாவுல வெல்லம் சேத்துதான வருது?"

இருபத்திரண்டு வருட வாழ்க்கையில் அவர் என்னை அடித்ததில்லை. அன்றைக்கு அடித்திருக்கலாம் என்று தோன்றியது. குழந்தைகளின் மாவை எடுத்துத் தின்கிறேன் என்று என் புருஷனே நினைக்கிறார். பதில் சொல்லாமல் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டேன். பதில் சொல்லாததே அவருக்குப் பதிலாகிவிட்டது என்பது பிறகுதான் புரிந்தது.

இதற்குள் உடம்பில் வேறொரு தொல்லை வந்தது. பதினோரு மணி வாக்கில் திடீரென்று வியர்க்கும். கை நடுங்கும். எதையாவது வாயில் போட்டால்தான் நிற்கும் என்பதுபோல் ஒரு பசி வரும். அது சர்க்கரை நோயின் குணம் என்றே நான் நினைத்தேன். மாத்திரையால் சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்குகிறது என்று எனக்கு யார் சொல்வது? காலையும் மாலையும் மட்டுமே பார்த்ததால் நோட்டிலும் அது ஏறவில்லை. எங்கள் மையத்து உதவியாளர் தனம் ஒரு நாள் என் நடுக்கத்தைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். இரண்டு தின்றேன். சரியாகிவிட்டது. அதிலிருந்து அடிக்கடி அப்படி நடந்தது. மீதி பாக்கெட்டை என் கைப்பையின் அடியில், ஆதார் நகல் வைத்த உறைக்குள் வைத்தேன்.

ஜெனி அதைக் கண்டுபிடித்தாள். சண்டை போடவில்லை. பாக்கெட்டை என் முன்னால் மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, ப்ளீஸ்மா" என்று மட்டும் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. நடுக்கம், வியர்வை என்று நான் சொன்ன எதையும் அவளால் நம்ப முடியவில்லை. பிடிபட்டவள் சொல்லும் கதை மாதிரித்தான் எனக்கே கேட்டது.

ஒரு வருடம் முடிந்தபோது பன்னிரண்டு புள்ளி ஆறு. டாக்டர் மாத்திரையோடு இன்சுலினும் எழுதினார்.

நான் விழுந்தது ஒரு பௌர்ணமி நாள். குழந்தைகளை எடை பார்த்துக்கொண்டிருந்தேன். தராசில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று உட்கார்ந்திருந்தது. எண்ணைப் படிக்கப் பார்க்கிறேன், எழுத்து அசைகிறது. "டீச்சர், இன்னா டீச்சர், இப்டி வேர்த்துக்கினு ஊத்துது?" என்று தனம் கேட்டது காதில் விழுந்தது. குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன் என்று அவள் சொல்கிறாள். எனக்கு அது நினைவில்லை. அதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை.

தனம் நூற்றெட்டுக்குப் போன் செய்திருக்கிறாள். ஆம்புலன்ஸில் விரலைக் குத்திப் பார்த்தபோது சர்க்கரை முப்பத்து நான்கு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். கண் விழித்துத் தனத்தை அடையாளம் கண்டு, இரண்டு வார்த்தை பேசி, மறுபடி மயங்கியிருக்கிறேன். திண்டிவனத்தில் முதலுதவி செய்து விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சேவியர் அன்றைக்குப் பௌர்ணமிக்காகத் திருவக்கரைக் கோயிலுக்கு விட்ட சிறப்புப் பேருந்தில் இருந்தார். வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டார். கூட்டத்தை இறக்கிவிட்டுப் பார்க்கும்போது பதினாறு அழைப்புகள். மாற்று ஓட்டுநர் வரும்வரை காத்திருந்து, அவர் விழுப்புரம் வந்து சேர்ந்தபோது மாலையாகியிருந்தது. எனக்கு முழு நினைவு வந்தபோது அவர் சீருடையோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

நான் சாப்பிட்ட மாத்திரையின் வீரியம் இரண்டு மூன்று நாள் உடம்பில் நிற்குமாம். குளுக்கோஸ் ஏற்றினால் ஏறும், நிறுத்தினால் இறங்கும். அதனால் என்னை ஐந்து நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். ஒரு கையில் பாட்டில். இன்னொரு கையில் மணிக்கொரு தரம் ஊசிக்குத்து. பத்து விரலிலும் இடம் தீர்ந்துபோய், நர்ஸ் பெண் "எந்த வெரல்க்கா இன்னிக்கு குடுக்கப் போறீங்க?" என்று கேட்பாள். பக்கத்துக் கட்டிலில் வானூரிலிருந்து வந்த ஒரு அம்மா, கால் புண்ணோடு இருந்தார். தனக்கு வந்த ஆரஞ்சில் பாதியை உரித்து எனக்கு நீட்டுவார். எனக்கு வாங்கப் பயம். சேவியர் பார்த்துக்கொண்டிருப்பார்.

வார்டைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். இரண்டாம் நாள் காலை என் பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் கட்டிலின் மேல் வரிசையாகப் பரப்பினார்.

"மேரிம்மா, வீட்ல சுகர் பாத்தீங்களா?"

"பாத்தேங்க. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

"அத எடுத்துனு வரச் சொல்லுங்க. மெஷினையும்."

ஜெனி கொண்டுவந்தாள். டாக்டரம்மா நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். நின்றுகொண்டு அல்ல, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து. அந்த நோட்டை யாரும் அப்படிப் படித்ததில்லை. பிறகு எங்கள் கருவியிலும் ஆய்வகத்திலும் ஒரே நேரத்தில் இரத்தம் பார்க்கச் சொன்னார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. கண் டாக்டரை வரவழைத்து விழித்திரையைப் பார்த்தார். அதில் ஒரு புள்ளிகூடச் சேதம் இல்லை.

"பன்னெண்டுன்னா தினமும் சராசரியா முந்நூறு ஓடியிருக்கணும்" என்றார் சேவியரிடம். "இந்தம்மா நோட்டுல ஒரு இடத்துலகூட நூத்தி இருபதத் தாண்டல. இந்த நோட்டு பொய் இல்லீங்க. அப்ப அந்த டெஸ்ட்டுலதான் ஏதோ இருக்கு. கீழ லேபுக்கு ஒரு சாம்பிள் அனுப்பறேன். வேற முறையில பாப்பாங்க."

சேவியர் தலையை ஆட்டினார். என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு இரத்தம் எடுத்தார்கள். பதினொன்றரைக்கு மறுபடி ஒருவர் வந்து இன்னொரு குப்பி எடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "மேடம் ரிப்பீட் பண்ணச் சொன்னாங்க" என்றார். எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படி இரண்டாம் முறை கேட்டுத்தான் இரத்தப் புற்று என்று சொன்னார்கள். நான் அதைச் சேவியரிடம் சொல்லவில்லை. அவரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆய்வகத் தலைவி ஃபாத்திமா மேடம் தாளோடு தானே மாடி ஏறி வந்தபோது நான் எழுந்து உட்கார்ந்தேன். கோட்டக்குப்பத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். மூச்சு வாங்க ஸ்டூலில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்ததும் முதலில் இதைத்தான் சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா. கெட்டது ஒண்ணும் இல்ல. காயிதத்துல எழுதி அனுப்பினா யாருக்கும் புரியாதுன்னு நானே வந்தேன்."

தாளில் ஒரு கோடு. தரையோடு தரையாகப் போய், ஓர் உயரமான மலையாக எழுந்து, இறங்கி, அதையடுத்துச் சின்னதாக ஒரு மேடு எழுந்து, அதன் பக்கத்திலேயே ஏறக்குறைய அதே உயரத்தில் இன்னொரு மேடு.

"எங்க லேபுல புது மெஷின் வந்து மூணு மாசந்தான் ஆச்சு. கேபிலரி எலக்ட்ரோபோரெசிஸ்னு பேரு. பேரப் பாத்து மிரளாதீங்க. தலைமுடியவிட மெல்லிசா கண்ணாடிக் குழாய் இருக்கும். அதுக்குள்ள உங்க ரத்தத்துல ஒரு சொட்டக் கரைச்சு விட்டு, கரண்ட் குடுப்போம். ஹீமோகுளோபின்ல ஒவ்வொரு வகையும் கரண்டுல ஒவ்வொரு வேகத்துல ஓடும். குழாயோட கடைசியில ஒரு வெளிச்சம். யார் எப்ப வர்றாங்க, எவ்ளோ பேர் வர்றாங்கன்னு அது எண்ணிக்கினே இருக்கும். அதான் இந்தக் கோடு. கொஞ்ச நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும்."

விரலைப் பெரிய மலையில் வைத்தார். "இது எல்லாருக்கும் இருக்கற சாதாரண ஹீமோகுளோபின்." அடுத்த மேட்டுக்கு நகர்த்தினார். "இது சர்க்கரை ஒட்டினது. உங்களுக்கு அஞ்சு புள்ளி ஒம்போது. நல்லாக் கேட்டுக்குங்க. பன்னெண்டு இல்ல. அஞ்சு புள்ளி ஒம்போது."

"அப்ப இது?" என்று சேவியர் மூன்றாவதைத் தொட்டார்.

"அதுதான் விஷயம். அது உங்க வீட்டம்மாவோட சொந்த ஹீமோகுளோபின். பிறக்கும்போதே கொஞ்சம் வேற மாதிரி அமைஞ்சிருக்கு. அதனால ஒடம்புக்கு ஒரு கெடுதலும் இல்ல; பிராணவாயுவ ஒழுங்காத்தான் சுமக்குது. ஆனா இதுவரைக்கும் நீங்க டெஸ்ட் எடுத்த எடத்துல மெஷின் வேற வகை. அது பிரிக்கறப்ப இதுவும் சர்க்கரை ஒட்டினதும் ஒரே நேரத்துல வெளிய வரும். அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். சேத்து எண்ணிப் பன்னெண்டுன்னு போட்டுடுச்சு. அந்த மெஷின் கெட்டுப் போகல, யாரும் தப்பாவும் பண்ணல. எனக்கே சந்தேகம் வந்துதான் ரெண்டாவது சாம்பிள் கேட்டேன்."

"மாத்திரை போட்டும் குறையலயேங்க" என்றேன்.

"எப்டிக் குறையும்? சர்க்கரை ஏறினாலும் எறங்கினாலும் இந்த மேடு உங்ககூடவே இருக்கும். சாகற வரைக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். பக்கத்துக் கட்டில் அம்மா என்ன ஏது என்று தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா வந்து, இன்சுலினும் மாத்திரையும் இனி வேண்டவே வேண்டாம் என்றார். எனக்கு இருப்பது எல்லைக்கோட்டுச் சர்க்கரை, நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் போதும் என்றார். அவர் கிளம்பும்போது சேவியர் பின்னாலேயே போனார். வார்டு வாசலில் அவர் கேட்டது எனக்குக் கேட்டது.

"டாக்டர், டீல அரை ஸ்பூன் சர்க்கரை போடலாங்களா?"

"தினமும் வேணாம். இன்னிக்குப் போடுங்க."

கால் மணி நேரம் கழித்துத் தம்ளரோடு வந்தார். நான் குடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "சத்துமாவுன்னு கேட்டேன் பாரு அன்னிக்கு" என்று ஆரம்பித்தார். "டீ நல்லா இருக்குங்க" என்றேன். அன்று மாலை வந்த ஜெனி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என் தலைமாட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் நிமிரவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. HbA1c அநேகமாக எல்லோருக்கும் சரியாகவே வரும் என்று இரண்டு டாக்டர்களும் சொன்னார்கள். வீட்டில் பார்க்கும் எண்ணும் ஆய்வக எண்ணும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய், இன்னொரு முறையில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அவ்வளவுதான். என் கைப்பையில் இப்போது ஒரு அட்டை இருக்கிறது: எனக்கு எந்த வகை ஆய்வில் இந்தச் சோதனை சரியாக வராது என்று ஃபாத்திமா மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

மறுநாள் மேடம் மறுபடி வந்தார். "இது ரத்தத்துல வர்றது. அம்மா இல்லன்னா அப்பா, யாரோ ஒருத்தர்கிட்டேருந்து வந்திருக்கும். கூடப் பொறந்தவங்களுக்கும் இருக்கலாம். வீட்ல வேற யாருக்காவது சுகர்னு மாத்திரை போய்க்கினு இருக்கா?"

இருந்தது. என் தங்கை லூர்து கண்டமங்கலத்தில் இருக்கிறாள். அவளுக்கும் இரண்டு வருடமாகப் பத்து, பதினொன்று என்று வந்துகொண்டிருந்தது. நான் போனில் சொன்னதும் முதலில் அவள் கேட்டது, "அக்கா, உனக்கும் பதினோரு மணிக்கு வேர்க்குமா?" என்பதுதான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று லூர்து வந்தாள். கூடவே அப்பாவும் வந்தார். அவர் அவளோடுதான் இருக்கிறார். எழுபத்து நான்கு வயது. கரும்பு வெட்டிய உடம்பு, இன்னும் கைத்தடி வேண்டாம் என்பார். "எனக்கும் எடுக்கட்டும். என்கிட்டேருந்துதான் வந்துதான்னு தெரிஞ்சிப்போம்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆய்வகத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு தாள்கள் வந்தன. லூர்துவின் கோட்டில் மூன்று. என்னுடையதன் அச்சு. அப்பாவின் கோட்டில் பெரிய மலை, சின்ன மேடு, அதற்குப் பிறகு தரைதான். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"உங்களுக்குச் சுத்தமா இருக்கு அய்யா" என்றார் மேடம்.

"நல்லதாப் போச்சு" என்று அப்பா சிரித்தார்.

லூர்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அப்பாவிடம் இல்லை என்றால் அம்மாவிடமிருந்துதான்.

அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. நிமோனியாக் காய்ச்சல், அதற்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கடைசி இரண்டு வருடம் அம்மாவுக்கு மூன்று மாதச் சர்க்கரை பன்னிரண்டு, பதின்மூன்று என்றுதான் வந்தது. சர்க்கரை டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னது நான். அங்கன்வாடி டீச்சருக்கு எல்லாம் தெரியும் அல்லவா. ஒரு கிறிஸ்துமஸ் அன்று அம்மாவின் தலையணை அடியில் மல்லாட்டை உருண்டை இரண்டு இருந்தது; வெல்லப்பாகில் பிடித்த வேர்க்கடலை. சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்த கூடத்தில் அதைத் தூக்கிக் காட்டி, "இதுக்குத்தான் நாங்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையறமா?" என்று கேட்டேன். "ஜெனிக்கு எடுத்து வெச்சன்டி. நான் தின்னல. சத்தியமாத் தின்னல" என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு அம்மா எங்கள் எதிரில் சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் நாங்கள் அப்பாவிடம் சொல்லவில்லை. திரும்பும் பஸ்ஸில் லூர்துவும் அப்பாவும் முன் இருக்கையில், நானும் சேவியரும் பின்னால். நாங்களும் கண்டமங்கலத்தில் இறங்கி, அன்றிரவு தங்கையின் வீட்டில் தங்கிப் போவதாக ஏற்பாடு. வளவனூர் தாண்டும்வரை அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"எனக்கு இல்லன்னா, ஆக்னஸுக்கு இருந்திருக்குது."

ஆக்னஸ் என்பது அம்மாவின் பெயர். அப்பா அம்மாவைப் பெயர் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

"ஆமாப்பா" என்றேன்.

"அப்ப அவ பொய் சொல்லல."

லூர்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நடத்துநர் ஸ்டேஜ் பெயரைக் கூவினார். அப்பா இறங்குவதற்காகப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"காலையில கல்லறைக்குப் போய் அவகிட்டச் சொல்லிட்டு வந்துடறேன்."

"நானும் வர்றேம்பா" என்றேன்.

அவர் தலையை அசைத்தார். "நீ வேணாம். டாக்டர்கிட்ட மொத மொத இட்டுக்கினு போனவன் நான். ஒத்துக்கோடின்னு தெனமும் கேட்டவனும் நான்தான். மொதல்ல நான் போறேன். நீ ஒடம்பத் தேத்திக்கினு ஞாயித்துக்கெழமை வா."

ஞாயிற்றுக்கிழமை போனேன்.